வாய் புளித்ததும் பிரஷ்ஷை எடுக்காதீர்கள்: எதுக்களிப்பும் பல் கரைதலும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்குப் பல்லில் காவி ஏறியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "நம்ம ஊர் தண்ணி அப்படி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது பொய்யில்லை. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு இரண்டு மாவட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பற்களைக் கெடுத்திருக்கிறது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. பல்லில் எந்தக் கோளாறு வந்தாலும் பழியைத் தண்ணீர் மேல் போட்டுப் பழகிவிட்டோம். கூசினாலும் தண்ணி, மஞ்சளானாலும் தண்ணி, நுனி சில்லு பெயர்ந்தாலும் தண்ணி. இவற்றில் சில வெளியிலிருந்து வருவதே இல்லை. வயிற்றிலிருந்து மேலே ஏறி வருகின்றன.

சாப்பிட்டது உணவுக்குழாய் வழியாக இறங்கி வயிற்றுக்குள் நுழையும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும். வேண்டாத நேரத்தில் அது தளர்ந்தால் வயிற்றில் இருக்கும் அமிலம் மேலே வரும். நெஞ்சோடு நின்றால் நெஞ்செரிச்சல். தொண்டையைத் தாண்டி வாய்க்கு வந்தால் எதுக்களிப்பு, புளிச்ச ஏப்பம். கல்யாண விருந்து முடிந்த ராத்திரி ஒரு தடவை வந்து போனால் பொருட்படுத்த வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல், மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அதை வியாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிலருக்கு நெஞ்செரிச்சலே இருக்காது. காலையில் எழுந்தால் வாய் புளிக்கும், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்கள், குரல் கரகரக்கும். ராத்திரி தூக்கத்தில் அமிலம் ஏறி இறங்கியது அவர்களுக்கே தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு உள்ளே நடப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சில சமயம் பல்தான்.

எவ்வளவு அமிலம், எவ்வளவு பல்

பல்லின் மேல்பூச்சான எனாமல் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். எலும்பைவிடக் கெட்டி. எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்புதான். கடைவாய்ப் பல்லின் முகட்டில் அது அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். முன்பல்லின் உள்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஈறுக்குள் பல் உருவாகும்போது எனாமலைக் கட்டிய செல்கள், பல் முளைத்ததும் போய்விடுகின்றன. அதனால் இழந்த எனாமல் திரும்ப வளராது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமலுக்கு அந்த வசதி இல்லை.

புளிப்பை அளக்க பி.ஹெச். என்று ஒரு அளவுகோல் உண்டு. சுத்தமான தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு, இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. வாயில் இந்த அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. வயிற்று அமிலமோ 1.5 முதல் 3.5 வரை இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.5-க்கும் 2.5-க்கும் இடையில் மூன்று எண், அதாவது ஆயிரம் மடங்கு. பல் சொத்தை என்பது மாவையும் சர்க்கரையையும் தின்னும் கிருமிகள் விடும் அமிலத்தால் வருவது. இங்கே கிருமிக்கு வேலையே இல்லை, அமிலம் நேரடியாக வந்து கரைக்கிறது. ஆகவே சொத்தையே இல்லாத, ஒழுங்காகப் பல் விளக்குகிற ஆளுக்கும் இது வரும்.

ஸ்பூனை வைத்து ஒரு சோதனை

அமிலம் எல்லாப் பல்லையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம்தான் முதலில் மாட்டும். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது. போதாததற்கு நாக்கின் அடியில் சுரக்கும் எச்சில் அவற்றை நனைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கீழ்ப்பல் தப்பிக்கும், மேல்பல்லின் முதுகு கரையும். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

வெயில் வெளிச்சத்திலோ செல்போன் டார்ச் வெளிச்சத்திலோ குளியலறைக் கண்ணாடி முன் நில்லுங்கள். பளபளப்பான சின்ன எவர்சில்வர் ஸ்பூனை வெந்நீரில் நனைத்து (மூச்சுக்காற்று பட்டு மங்காமல் இருக்க) அதன் முதுகுப்பக்கத்தை மேல்முன்பற்களுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் உள்பக்கம் தெரியும். அங்கே வெள்ளைக்குப் பதில் மஞ்சளாக, வழவழவென்று மெழுகு பூசியது போல இருக்கிறதா? பல்லின் நுனி கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவித் தெரிகிறதா? கடைவாய்ப் பல்லின் முகடுகளில் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கிறதா? எப்போதோ அடைத்த சிமென்ட் அப்படியே இருக்க, சுற்றியுள்ள பல் மட்டும் இறங்கி, அடைப்பு மேடாக நிற்கிறதா? இவையெல்லாம் அமிலத்தின் வேலை. மஞ்சள் தெரிவது அழுக்கால் வருவதில்லை. எனாமல் மெலிந்து உள்ளே இருக்கும் டென்டின் தெரிகிறது. டென்டின் எனாமலைவிட மெது, இன்னும் சுலபமாகக் கரையும். அதிலுள்ள நுண்குழாய்கள் நரம்பு வரை போவதால்தான் ஐஸ் தண்ணி பட்டால் சுள்ளென்று ஏறுகிறது.

தண்ணீரில் மிகுந்த ஃப்ளோரைடால் பல்லுக்கு வரும் கோளாறான ஃப்ளோரோசிஸ் வேறு மாதிரி இருக்கும். சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகள், திட்டுகள், முற்றினால் காவி. இடப்பக்கப் பல்லில் இருப்பது அதே போல வலப்பக்கத்திலும் இருக்கும். நிலைப்பல் முளைக்கும்போதே அது பல்லில் இருக்கும், ஏனென்றால் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் பல் ஈறுக்குள் உருவாகும்போது வந்த கோளாறு அது. நாற்பது வயதில் புதிதாக ஃப்ளோரோசிஸ் பல்லுக்கு வராது. நாற்பது வயதில் பல் மாறத் தொடங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். நம் ஊரில் இரண்டும் ஒரே வாயில் இருப்பவர்கள் உண்டு, அங்கேதான் குழப்பம்.

காவியைத் தேய்த்துப் போக்க முடியாது

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: "காவி போகட்டும்னு எலுமிச்சை மூடியில உப்பைத் தொட்டுத் தேய்க்கிறேன் சாமி. இப்ப பச்சைத் தண்ணி பட்டாலே சுள்ளுங்குது." அவருக்கு வருடக்கணக்கில் எதுக்களிப்பும் உண்டு. அதாவது வயிற்று அமிலம் பல்லை மெத்தென்று ஆக்குகிறது, எலுமிச்சை இன்னும் மெத்தென்று ஆக்குகிறது, உப்புக்கல் அதைச் சுரண்டி எடுக்கிறது. ஃப்ளோரோசிஸ் காவி எனாமலுக்குள்ளேயே ஊறிக் கிடப்பது. மேலே தேய்த்தால் போவது எனாமல்தான், காவி இருந்த இடத்தில் இருக்கும். செங்கல் தூள், உமிக்கரி, சாம்பல், கரகரப்பான சிவப்புப் பல்பொடி, இப்போது ஆன்லைனில் விற்கும் கரிப் பேஸ்ட், எல்லாம் இதே வகைதான். காவி மனதை உறுத்துகிறது என்றால் பல் டாக்டரிடம் அதற்குத் தனி வழிகள் உண்டு. எதுக்களிப்பு உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்திவிட்டு அப்புறம் அழகு வேலைக்குப் போவது நல்லது.

புளித்த உடனே என்ன செய்வது

வாய் புளித்தால் நம் கை தானாக பிரஷ்ஷுக்குத்தான் போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். அமிலம் பட்டதும் எனாமலின் மேல்தோல் மெத்தென்று ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் மெத்தென்று ஆன படலம் பேஸ்ட் நுரையோடு போய்விடும். விட்டு வைத்தால் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் கொஞ்சத்தையாவது மறுபடி கெட்டியாக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். அரை மணியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரஷ்ஷுக்குப் பறிகொடுப்பது குறையும், அவ்வளவுதான்.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது. உடனே தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். அதைவிட நல்லது ஆப்ப சோடா கரைசல்: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், குடிக்கக் கூடாது. ரத்தக் கொதிப்புக்காரர்கள் இதை விழுங்கினால் உப்பு ஏறும். நுரைத்துப் பொங்கும் ஜீரணப் பொடியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் சிட்ரிக் அமிலமும் கலந்திருக்கும். கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாந்திக்குப் பிறகும் இதே முறைதான். வாந்தி எடுத்ததும் வாய் நாறுகிறதே என்று பிரஷ் போடத் தோன்றும். கொப்பளித்துவிட்டு விரலில் கொஞ்சம் பேஸ்ட்டைத் தொட்டு மெல்லத் தடவித் துப்பினால் போதும்.

காலை விஷயம் கொஞ்சம் சிக்கல். பல் விளக்காமல் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ராத்திரி எதுக்களிக்கிறவருக்கு எழுந்ததும் விளக்குவது கெடுதல். எழுந்ததும் கொப்பளித்துவிடுங்கள், தண்ணீர் பிடிப்பது, வாசல் தெளிப்பது, மாடு இருந்தால் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவது எல்லாம் முடியட்டும், அப்புறம் பல் விளக்கலாம். மெதுவான நார் பிரஷ், அழுத்தாத கை. விளக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு போய்விடும்.

ஃப்ளோரைடா, அதுவும் நம்ம ஊரிலா?

இந்த இடத்தில் தர்மபுரிக்காரர்கள் முறைப்பார்கள். ஃப்ளோரைடால் பட்ட பாடு போதாதா, அதை பேஸ்ட்டில் வேறு வாங்க வேண்டுமா? கேள்வி நியாயம்தான், அளவைப் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒருவர் தினம் மூன்று லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம் உள்ளே போகிறது. 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு ஃப்ளோரைடு) பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுத்தால் அதில் இருப்பது சுமார் கால் மில்லிகிராம், அதையும் துப்பிவிடுகிறோம். பெரியவர்களின் பல் ஏற்கெனவே உருவாகி முடிந்துவிட்டதால் பேஸ்ட்டால் புதிதாகக் காவி வராது. பல்லின் மேல்பரப்பில் படியும் ஃப்ளோரைடு எனாமலை அமிலத்துக்குச் சற்றுத் தாக்குப்பிடிக்க வைக்கும், சுமார் 4.5 வரை. வயிற்று அமிலம் அதற்கும் கீழே என்பதால் பேஸ்ட் மட்டும் காப்பாற்றாது, ஆனால் விட்டுவிடக் கூடிய உதவியும் இல்லை.

குழந்தைகள் விஷயம் தனி. அவர்கள் பேஸ்ட்டை முழுங்குவார்கள், பல்லும் உருவாகிக்கொண்டிருக்கும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். வீட்டில் குடிப்பது காவிரித் தண்ணியா போர் தண்ணியா என்பதையும் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

களி, ஷிப்ட், மாங்காய்

எச்சில்தான் பல்லுக்குக் காவல். அமிலத்தைக் கழுவும், சமன் செய்யும், தாதுவைத் திருப்பிக் கொடுக்கும். மென்றால் சுரக்கும், தூங்கினால் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே பகலில் பத்துத் தடவை புளிச்ச ஏப்பம் விடுவதைவிட ராத்திரி ஒரு தடவை படுக்கையில் ஏறுவது பல்லுக்கு அதிகக் கெடுதல், அமிலம் அங்கேயே தங்கிவிடும்.

ராகிக் களியை நாம் மெல்லுவதில்லை. உருண்டையைப் பிட்டுக் குழம்பில் புரட்டி விழுங்குவதுதான். ராகியில் குறையில்லை. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு உருண்டையை வயிறு முட்ட இறக்கிவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் வயிறு நிறைந்திருக்கும், மென்று சுரந்த எச்சிலும் இருக்காது. களி வேண்டுமென்றால் மத்தியானம் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி என்றால் ஏழு மணிக்குள் ஒரு உருண்டை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறவர்களிடம் இந்த மூன்று மணிக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். வேலை முடிந்து வீடு வந்து சேர நள்ளிரவு நெருங்கிவிடும், பசியோ கொல்லும். அவர்களுக்கு நடக்கக்கூடிய வழி, முழுச் சாப்பாட்டை கேன்டீன் இடைவேளையிலேயே முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர் என்று நிறுத்துவது. தூக்கம் விரட்ட ஷிப்டில் குடிக்கும் டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் ஆகியவற்றில் கூல்டிரிங்க்ஸை முதலில் விடுங்கள். கோலா வகைகள் பி.ஹெச். 2.5-ஐ ஒட்டி இருக்கும், வயிற்று அமிலத்துக்குத் துணை சேர்வது போலத்தான்.

படுக்கும் விதமும் உதவும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். கட்டிலில் படுப்பவர்கள் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலை வரை ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுச் சரிவாக்க வேண்டும். தலையணையை மட்டும் இரண்டாக்கினால் கழுத்து மடங்கி வயிறு அழுந்தும், பயனில்லை.

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாங்காய் தின்னாதே என்று எழுத எனக்கே மனசு வரவில்லை. கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தூவித் தின்பதானால் ஒரே மூச்சில் தின்றுவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். பையில் வைத்துக்கொண்டு அரை நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருப்பதுதான் பல்லுக்கு ஆகாது. வீட்டில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள் வேலையோடு வேலையாகச் சுளையை வாயில் அடக்கிக்கொள்வதும் இப்படித்தான். தயிரும் மோரும் புளிப்பாக இருந்தாலும் அவற்றில் கால்சியம் நிறைய இருப்பதால் பல்லைக் கரைப்பதில்லை. சாப்பிட்டதும் சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மென்றால் எச்சில் பெருகும், புதினா வாசனை சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டும் என்பதால் வேறு வாசனை நல்லது. புகையிலை, ஹான்ஸ் வகையறாவை எச்சில் ஊறுகிறதே என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாத்திரையும் டாக்டரும்

மெடிக்கலில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டு வாங்கி வருடக்கணக்கில் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்றவை அமிலம் சுரப்பதைக் குறைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் சரியாக வேலை செய்யும், சாப்பிட்ட பிறகு போடுவது அரை வீண். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். சப்பிச் சாப்பிடும் ஆன்டாசிட் மாத்திரைகளில் சர்க்கரை உண்டா என்று அட்டையைப் பாருங்கள், ராத்திரி வாயில் அடக்கிக்கொண்டு தூங்கினால் கரைதலோடு சொத்தையும் சேரும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலி தோளுக்கோ கைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-க்கு அடியுங்கள்.

பல் டாக்டர் என்ன செய்வார் என்பது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆரம்பமென்றால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார், கூச்சத்துக்கான பேஸ்ட் எழுதுவார். டென்டின் நன்றாகத் தெரிந்தால் பல் நிறச் சிமென்ட் வைத்து மூடலாம், மிக அதிகமென்றால் கேப். எதுக்களிப்பு அடங்காமல் கேப் போட்டால் கேப்பின் விளிம்பில் உள்ள பல் கரைந்துகொண்டே போகும், காசும் போகும். ராத்திரி பல்லைக் கடிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அமிலம் தேங்க வாய்ப்பு உண்டு என்பதால், எதுக்களிப்பு இருப்பதை உறை செய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள், சில மாத்திரைகள் வாயை உலர வைக்கும். மேல்முன்பற்களின் உள்பக்கத்தை அங்கேயே ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் போட்டோவோடு ஒப்பிட்டால், கரைவது நின்றுவிட்டதா தொடர்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.